விதி பிழையாத தேர்

திருவன்னிப்பாடி மெய்மொழிநாதர் கோயில் தேர், அவ்வாண்டுப் பங்குனித் திருவிழாவில் ஒரு விதியையும் பிழையாமல் தன் கடமையை முடித்தது. அதாவது, நிலையை விட்டு ஒரு முழமும் நகரவில்லை.

விடிந்ததும் உலாப்போந்த பெருமான் தேரேறிவிட்டார். கருவறையில் இலிங்கமாய் உறையும் மெய்மொழிநாதர் வெளியே வர இயலாது என்பதால், வீதிகாண்பதற்கென்றே வார்க்கப்பட்ட ஐம்பொன் திருமேனி அவர். கழுத்தில் கொன்றை மாலையும் இதழோரத்தில் அடக்கிய சிரிப்பும் உடையவர். மேலவீதிச் சிங்காரவடிவேல், வழிவழியாகத் தம் குடும்பத்துக்கு உரிய முதல்வட மரியாதையைப் பெறுவதற்காகப் பரிவட்டம் கட்டி, வெற்றுமார்பில் சந்தனம் துலங்க, வடத்தின் தலைமாட்டில் நின்றார். அதிர்வேட்டு வெடித்தது, பேரிகை முழங்கியது, ஊர் இழுத்தது. சக்கரம் அசையவில்லை. மீண்டும் இழுத்தது. வடம் முறுகிற்று, தேர் நின்றது.

தேரடியில் வைத்திருந்த பெரிய திரையில் பச்சை எழுத்துகள் மின்னின: "அனைத்து விதிகளும் நிறைவுற்றன. வாழ்த்துகள்."

அந்தப் பச்சை எழுத்தின் பொருளை அறிய, ஒரு சட்டத்தை அறிய வேண்டும். வேறோர் ஊரில் வேறொரு தேர் சாய்ந்து உயிர்கள் மடிந்தபோது, சாலையைச் செப்பனிடுவது செலவு என்றும் சட்டம் இயற்றுவது சிக்கனம் என்றும் உணர்ந்த அரசு, விதிமெய்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பொதுவிடத்தில் இயங்கும் எந்தப் பொறியும், மின்தூக்கியாயினும் படகாயினும் தேராயினும், தான் எந்த விதியையும் எக்காலத்தும் மீறாது என்பதற்கு முன்கூட்டியே மெய்ப்பு பெற்றாக வேண்டும். மெய்ப்பு வழங்குவது துலாக்கோல் என்னும் தருக்கப் பொறி. அது வந்து பார்ப்பதில்லை, தட்டிக் கேட்பதில்லை. விதிகளைக் குறியீடுகளாக மாற்றி உள்ளிட்டால், அவற்றிலிருந்து அனுமானத்தால் படிப்படியாக ஏறி, 'இவ்வாறு இயங்குக. பிழை நேராது' என்று முடிவுரைக்கும். அதன் சொல் கிடைத்தால்தான் தேரச்சில் பூட்டிய எஃகுப் பூட்டுத் திறக்கும்.

திருவன்னிப்பாடித் தேரின் விதிகளைக் குறியீடாக்கியவள் நிறைமதி. அந்தச் சட்டத்தை நடத்தும் ஆணையத்தில் விதியாளர் பணி. பிறந்தது இதே ஊரின் காளவாய்த் தெரு.

"என்னம்மா இது? பாஸுன்னு போட்டிருக்கு, நகர மாட்டேங்குதே?" என்றார் கோயிலின் செயல் அலுவலர் குஞ்சிதபாதம். வியர்வையில் அவர் சட்டைப்பையின் மை பரவிக்கொண்டிருந்தது.

நிறைமதி கைக்கணினியில் மெய்ப்பைப் படித்தாள்.

"நகர மாட்டேன்னுதான் சார் பாஸ் ஆயிருக்கு."

"புரியலையே."

"யாருக்கும் தீங்கு வரக் கூடாதுன்னு ஒரு விதி. நின்ன தேரால என்ன தீங்கு வரும்? பொழுது சாயறப்ப தேர் நிலையில இருக்கணும்னு ஒண்ணு. நிலையிலதான் இருக்கு. ஒரு தெருவுக்குப் போனா எல்லாத் தெருவுக்கும் போகணும்னு கோர்ட்டு சொன்னது. எங்கயும் போகலை, அதனால அதுவும் சரி. வழக்கமில்லாத தெருவுக்குப் போகக் கூடாதுன்னு கோயில் எழுதிக் குடுத்த மாமூல் விதி. அதுவும் சரி."

"ஓடணும்னு விதி இல்லையா?"

"நீங்க யாரும் அனுப்பலையே சார். எனக்கும் தோணலை."

உண்மைதான். அறநிலையத்தார் எழுதினர், காவல்துறையார் எழுதினர், மின்துறையார் எழுதினர். ஒவ்வொருவரும் தேர் எதைச் செய்யலாகாது என்று எழுதினர். தேர் என்றால் ஓடும் என்பது, நீர் என்றால் நனைக்கும் என்பதுபோல் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆதலால் அதை எவரும் எழுதவில்லை. முனிவர்கள் புற்று மூட இருந்து, ஊண் துறந்து, உறக்கம் துறந்து நாடிய அசைவற்ற பெருநிலையை அந்தப் பொறி ஒரு நொடியில் எய்திவிட்டது. அவர்களுக்கு இல்லாத ஒரு பேறும் அதற்கு வாய்த்தது, அரசுச் சான்றிதழ்.

சிங்காரவடிவேல் வடத்தைப் போட்டுவிட்டு வந்தார்.

"நீ காளவாய்த் தெரு மாரிக்கண்ணு மகதானே?"

"ஆமாங்கய்யா."

"உங்க தெருவுக்கு வரலைன்னா ஊருக்கே வரக் கூடாதுன்னு பண்ணிப்புட்டே. அப்படித்தானே?"

"நான் பண்ணலைங்கய்யா. எல்லாரும் எழுதினதைச் சேர்த்தா இதுதான் மிச்சம்."

"படிச்ச புள்ள பேச்சு," என்றார் அவர், பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து.

அன்று மாலை உலாப்போந்தார் தேரை விட்டு இறங்கினார். ஒரே இடத்தில் நாள்முழுதும் வெயில் காய்ந்ததைத் தவிர அவர் செய்தது ஒன்றுமில்லை. அடுத்த மாதம் தலைநகரில் நடந்த விழாவில், ஒரு விதிமீறலும் இல்லாத முதல் தேரோட்டத்துக்கான கேடயம் குஞ்சிதபாதத்துக்கு வழங்கப்பட்டது. அவர் அதைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அலமாரியின் உட்புறத்தில் வைத்தார்.

காளவாய்த் தெருவுக்கு வருவோம். கோயிலின் பெருமதிலுக்குச் செங்கல் சுட்ட தெரு அது. கல் உள்ளே போயிற்று. சுட்டவர்கள் வெளியே நின்றார்கள். தேர் அங்கே வாராததற்கு ஊரார் முதலில் காரணம் சொல்லவில்லை. காலம் மாறிக் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. தெரு குறுகல் என்றார்கள். தெருவார் தத்தம் வீட்டு முகப்பை இடித்து அகலப்படுத்தினார்கள். மின்கம்பி தாழ்வு என்றார்கள். கம்பியை மண்ணுக்குள் புதைக்க அலைந்து ஆணை வாங்கினார்கள். தரை இளக்கம் என்றார்கள். செங்கல் சல்லி கொட்டி இறுக்கினார்கள். காரணங்கள் தீர்ந்தபின் எஞ்சியது ஒன்றுதான்: வழக்கம் இல்லை. அதற்கு இடிக்கச் சுவரும் இல்லை, புதைக்கக் கம்பியும் இல்லை.

நிறைமதியின் தாய் மாரிக்கண்ணு தன் இட்லிக் கடையின் முன்பாதியை இடித்துக் கொடுத்தவள். மீந்த பாதியில் அடுப்புக்கும் அவளுக்கும் மட்டுமே இடம். உண்பவர்கள் தெருவில் நின்று உண்டார்கள்.

"ஒரு தடவ அந்தச் சாமி இந்த முக்குல திரும்பணும்," என்றாள் அவள், மகள் பணிக்குத் திரும்பும் அன்று. "நான் ஒண்ணும் மோட்சம் கேக்கல. இடிச்ச சுவத்துக்குப் பதில் சொல்லிட்டுப் போகட்டும்."

"அடுத்த வருஷம் வரும்மா."

"போன வருஷமும் அப்படித்தான் சொன்னே."

"இந்தத் தடவ எனக்கு வழி தெரியும்."

தெரியும் என்று அவள் சொன்னது முழுப்பொய் அன்று. அப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தது.

அந்த ஆண்டு மேலவீதியார் வாளாவிருக்கவில்லை. தேர் ஓடாவிட்டால் முதல்வடம் இல்லை. முதல்வடம் இல்லாவிட்டால் சிங்காரவடிவேலின் பரிவட்டத்துக்கு அலமாரியில்தான் வேலை. அவரே முன்னின்று கையொப்பம் திரட்டி மனுக்கொடுத்தார்: திருவிழா நாளில் தேர் நான்கு வீதிகளிலும் ஓடியே ஆக வேண்டும் என்று விதி சேர்க்கப்பட வேண்டும். குஞ்சிதபாதம் பரிந்துரைத்தார். ஆணையம் ஏற்றது. விதி, நிறைமதியின் மேசைக்கு வந்தது.

அவள் அதைப் பழைய விதிகளின் அருகில் வைத்துப் பார்த்தாள். தேர் நான்கு வீதியில் ஓட வேண்டும். ஓரிடம் போனால் எல்லா இடமும் போக வேண்டும்; எனவே காளவாய்த் தெருவுக்கு வந்தாக வேண்டும். வழக்கமில்லாத தெருவுக்குப் போகலாகாது. எனவே காளவாய்த் தெருவுக்கு வரலாகாது. நின்ற தேருக்கு உறுத்தாத விதிகள், ஓடும் தேரில் ஒன்றன் கழுத்தை ஒன்று பிடித்தன.

ஆணைய இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், திருவன்னிப்பாடி விதிகள் முரண்படுது. மாமூல் விதியை எடுத்தாகணும்."

"அதை எடுக்க முடியாதும்மா. கோயில் உரிமை."

"அப்போ சமத்துவ விதியை எடுக்கணும்."

"கோர்ட்டு ஆர்டர். தொட்டா என் சீட்டு போயிடும்."

"அப்போ ஓடணும்கிற விதி?"

"அது பொதுமக்கள் கோரிக்கை. தேர்தல் வருது."

"மூணும் சேர்ந்து உண்மையா இருக்க முடியாது சார். முரண் இருந்தா துலாக்கோல் எதை வேணும்னாலும் மெய்ப்பிச்சுடும். எதை வேணும்னாலும்."

அவர் பொறுமையாகச் சொன்னார்: "ஏம்மா, முரண்மணியை ஏன் கழட்டினோம்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தொடக்கத்தில் துலாக்கோலுக்கு முரண்மணி என்றோர் உறுப்பு இருந்தது. உள்ளிட்ட விதிகள் தமக்குள் மோதினால் அது ஒலிக்கும். பூட்டிய நாள் முதல் அது ஓயவில்லை. எந்தத் துறை எதை அனுப்பினாலும் ஒலித்தது. தலைமைச் செயலகத்தில் உறங்க முடியவில்லை என்று ஒரு குறிப்பு எழுந்தது. உடனே ஓர் அரசாணை பிறந்தது: அரசாணைகள் ஒன்றோடொன்று முரண்படா, துலாக்கோலில் ஏறிய விதி யாவும் அரசாணைக்கு நிகர். முரண்படாதவற்றுக்கு முரண்மணி எதற்கு? கழற்றிவிட்டார்கள்.

"முரண் இருக்குன்னு நீங்க எழுதினா, அந்த ஜி.ஓ.வை மீறின ஆள் நீங்கதான்," என்றார் இயக்குநர். "இருக்குற விதியை அப்படியே ஏத்துங்க."

"எழுத்துல குடுங்க சார்."

கொடுத்தார்.

திருவிழாவுக்கு விடுப்பில் வந்திருந்த மகள், கடையில் தாயின் அருகில் அமர்ந்து தேங்காய் துருவினாள்.

"வரணும்னும் சொல்லி, வரக் கூடாதுன்னும் சொன்னா பொறி கொழம்பிப் போவாதா?" என்றாள் மாரிக்கண்ணு.

"கொழம்பத் தெரிஞ்சா நல்லதாச்சே. அதுக்குத் தெரியாதும்மா. இப்ப பாரு. தேர் வரணும்கிறது மெய். சரியா?"

"சரி."

"அப்போ, 'தேர் வரணும், இல்லாட்டி நிலா ஒரு இட்லி'ன்னு சொன்னா அது மெய்யா?"

"நிலா எதுக்குடி இட்லி ஆவுது?"

"சும்மா வெச்சுக்கயேன். ரெண்டுல ஒண்ணு மெய்யா இருந்தா போதும். முதல் பாதிதான் மெய்யாச்சே."

"வெச்சுக்கிட்டேன்."

"இப்ப அடுத்த விதி. தேர் வரக் கூடாது. அதுவும் மெய். அதனால அந்த முதல் பாதி அடிபட்டுப் போச்சு. மிச்சம் என்ன?"

மாரிக்கண்ணு கரண்டியை நிறுத்தினாள். "நிலா இட்லி."

"முத்திரை குத்திக் குடுக்கும்."

"அடிப்பாவி. இதப் படிக்கத்தான் அஞ்சு வருஷம் பணம் கட்டுனேனா?" ஈடு ஒன்றை இறக்கி வைத்தாள். "இது பொய்ச்சத்தியம் ஆவாதா, மதி?"

"சத்தியம் பண்ணுனது நாம இல்ல. வரணும்னு சொன்னதும் அவங்க, வரக் கூடாதுன்னதும் அவங்க. ரெண்டையும் நான் பக்கத்துல பக்கத்துல வெச்சேன்."

சொல்லும்போது அவள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. தருக்கம் அவளுக்குப் பிழைப்பு மட்டும் அன்று. கேட்பவர் எவர், எந்தத் தெரு என்று கேளாமல் விடை சொல்லும் ஒன்றே ஒன்றை அவள் உலகில் கண்டிருந்தாள். அதைத்தான் இப்போது சந்தைக்குக் கொண்டுபோகிறாள். ஆயினும் ஒன்றைச் செய்தாள். தேரால் எவருக்கும் தீங்கு நேராது என்பதை மட்டும், முரண் தீண்டாத விதிகளைக் கொண்டு தனியே, தன் கையால் மெய்ப்பித்தாள். தெருவின் அகலத்தையும் தரையின் உறுதியையும் அளந்து சேர்த்தாள். அந்த ஒரு மெய்ப்பு மெய்யானது. மற்றதைத் துலாக்கோலிடம் கேட்டாள்: தேர் காளவாய்த் தெருவுக்குச் செல்லும் என்பதை மெய்ப்பிக்க முடியுமா? முடியும் என்றது, மூச்சு விடும் நேரத்தில்.

பங்குனி உத்திரத்தன்று தேர் ஓடிற்று. நான்கு வீதியும் சுற்றிற்று. பரிவட்டம் வெயிலில் மின்னியது. காளவாய்த் தெருவின் முனையில் நிறைமதி காவல் ஆய்வாளரிடம் சான்றிதழைக் காட்டினாள். அவர் அதை இருமுறை படித்துவிட்டு, "மெய்ப்பு இருக்கு. நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை," என்றார். அச்சுப் பூட்டு ஒலியெழுப்பித் தேரின் முகம் அந்தத் தெருவை நோக்கித் திரும்ப இடம் விட்டது.

வடம் பிடித்த கைகள் தளர்ந்தன. சிங்காரவடிவேல் அசையாமல் நின்றார். பிறகு குஞ்சிதபாதத்தை அருகே அழைத்தார்.

"அவ கேட்டா குடுக்குற பொறி, நீ கேட்டா குடுக்காதா?"

"என்னன்னு கேக்குறதுங்க?"

"சாமி தேர்ல இல்லைன்னு கேளு."

குஞ்சிதபாதம் அண்ணாந்து பார்த்தார். கொன்றை மாலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "மேலதானேங்க இருக்காரு."

"நீ பாக்குறதை யாருய்யா கேட்டா? பொறி பாக்குதா? கேளும்யா."

செயல் அலுவலர் கண்ணை மூடிக்கொண்டு ஒருகணம் ஏதோ முணுமுணுத்தார். பிறகு கண்ணைத் திறந்து கைபேசியில் கேள்வியைத் தட்டினார். விடை உடனே வந்தது. அதை அவர் உரக்கப் படிக்க வேண்டியதாயிற்று: "உலாப்போந்த பெருமான் இன்று தேரேறவில்லை. உற்சவ மண்டபத்தில் தம் பீடத்தில் எழுந்தருளியுள்ளார். மெய்ப்பிக்கப்பட்டது."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று சிங்காரவடிவேல் வடத்தைக் கீழே போட்டார். "வெறுந்தேர். எந்தச் சந்துல வேணா இழுத்துட்டுப் போகட்டும்."

நஞ்சை உண்டபோது எவரிடமும் ஒப்புதல் பெறாதவர். கூலிக்கு மண் சுமந்து முதுகில் அடிபட்டபோது எந்தச் சான்றிதழும் காட்டாதவர். திருவோட்டை ஏந்தி, இன்ன வீடு ஆகும் இன்ன வீடு ஆகாது என்று பாராமல், பிச்சைக்கு வாசல்தோறும் நின்றவர். அப்படிப்பட்டவர், தாம் அங்கே இல்லை என்று வாசிக்கப்பட்டதைத் தேர்மேல் இருந்தபடியே கேட்டுக்கொண்டார்.

மேலவீதியார் கோயிலுக்குத் திரும்பினர். உற்சவ மண்டபத்தில், வெறும் பீடத்துக்குக் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். பெருமானைத் தோளில் சுமக்கும் உரிமையுடைய பாதந்தாங்கிகளும் கலைந்தனர். "அவரே இல்லையாம், எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள், நியாயமான கேள்விதான்.

வடம் தரையில் கிடந்தது. காளவாய்த் தெருவார் அதைப் பார்த்தபடி நின்றனர். அதுவரை அவர்கள் தொட்டதில்லை. முதலில் குனிந்தவள் மாரிக்கண்ணு. பிறகு தெருவே குனிந்தது.

தேர் திரும்பியபோது ஆரவாரம் எழவில்லை. சக்கரத்தின் அடியில் செங்கல் சல்லி நொறுங்கும் ஓசை மட்டும் கேட்டது. பாதிக் கடையின் முன்னே தேர் வந்து நின்றதும் மாரிக்கண்ணு ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அண்ணாந்தாள். "வந்தியா," என்றாள். "வெயில்ல நிக்க வெச்சுட்டாங்களா உன்னையும்?"

பொழுது சாய்ந்தது. தேர் நிலையில்தான் இருக்கிறது என்று துலாக்கோல் மெய்ப்பித்தது; இருட்டில் தேர் நகரலாகாது என்பதால் பூட்டும் விழுந்தது. இறக்கிச் சுமக்கப் பாதந்தாங்கிகள் இல்லை. பெருமானைத் திறந்தவெளியில் விடவும் மனம் இல்லை. தெருவின் இளைஞர்கள் குளித்து வந்து, அன்றுவரை வடத்தின் நிழலும் பட்டறியாத தோள்களில் அவரைத் தாங்கி, வரவேற்புக்கென்று கட்டிவைத்திருந்த பந்தலில் எழுந்தருளச் செய்தனர். மறுநாள் தேரைப் பூட்டவிழ்த்து நிலைக்கு இழுத்துச் சென்றார்கள். வெறுந்தேர் என்று சான்றிதழ் சொன்னது, ஒருநாள் பிந்தி மெய்யாயிற்று.

குஞ்சிதபாதம் ஒரு வேனுடன் வந்தார். பந்தலின் முன் மாரிக்கண்ணு பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். நிறைமதி ஒரு தூணருகில் நின்றாள்.

"அம்மா, உற்சவரைக் குடுத்துட்டீங்கன்னா கிளம்பிடுவேன்."

"எந்த உற்சவருங்க?"

"இவர்தாம்மா. உலாப்போந்தார்."

"அவரு உங்க மண்டபத்துல இருக்காருன்னு நேத்து முக்குல நின்னு நீங்கதானே படிச்சீங்க? ஊரே கேட்டுச்சு."

"அது வந்து... அது ஒரு சான்றிதழுக்காக."

"அப்போ இல்லைங்கிறது பொய்யா?"

குஞ்சிதபாதம் எண்ணிப் பார்த்தார். பொய் என்றால் துலாக்கோல் பொய். துலாக்கோல் பொய் என்றால் கேடயம் பொய், சட்டம் பொய், அவர் சம்பளமும் ஏறக்குறைய பொய்.

"அது மெய்தாம்மா."

"அப்போ உங்க சாமி உங்ககிட்ட இருக்காரு. இவரு எங்க சாமி. வெறுந்தேர்ல வந்தவரு." மாரிக்கண்ணு சரத்தை முடிச்சிட்டு நூலைப் பல்லால் கடித்தாள். "வெயிலா இருக்கு, மோர் குடிக்கிறீங்களா?"

அவர் மோர் குடித்துவிட்டுக் காவல் நிலையம் சென்றார். ஆய்வாளர் எழுதுவதற்கு ஆயத்தமாகிக் கேட்டார்: "என்ன காணோம்?"

"உற்சவ மூர்த்தி."

"எங்கேயிருந்து?"

"மண்டபத்துல இருந்து."

"மண்டபத்துல இருக்கார்னு மெய்ப்பு இருக்கே சார். இருக்குற பொருளைக் காணோம்னு நான் எப்படி எஃப்.ஐ.ஆர். போடறது?"

வழி ஒன்று இருந்தது. பெருமான் காளவாய்த் தெருவுக்குச் சென்றார் என்று இன்னொரு மெய்ப்பு வாங்கினால் மீட்டுவிடலாம். துலாக்கோல் அதையும் மகிழ்ந்து தரும். ஆனால் அந்த ஒரு வரிக்குக் கையொப்பமிட மேலவீதியில் எவரும் இல்லை. பெருமான் திரும்பி வராவிட்டாலும் தாங்கிக்கொள்வார்கள்; போனார் என்பதைத் தாங்கமாட்டார்கள். ஆகவே குருக்கள் நாள்தோறும் வெறும் பீடத்துக்கு நீராட்டினார், அமுது படைத்தார், திரையிட்டார். தணிக்கைக்கு வந்தவர்கள் எல்லாம் முறைப்படி இருப்பதாக எழுதிச் சென்றனர்.

ஆணையம் நிறைமதியை விசாரித்தது. அவள் குற்றவாளி என்று ஒரு மெய்ப்பும், குற்றமற்றவள் என்று ஒரு மெய்ப்பும் கோப்பில் சேர்ந்தன. இரண்டையும் ஏற்று, அவளை அதே இருக்கையில் இருத்தியது. தண்டனை அவளுக்கு வேறு வழியில் வந்தது. துலாக்கோல் எந்தப் பாலத்துக்கு, எந்த மின்தூக்கிக்கு மெய்ப்பு வழங்கினாலும், அவள் அதைத் தாளில் எழுதித் தன் கையால் ஒருமுறை சரிபார்த்தாள். செய்யாவிட்டால் உறக்கம் வரவில்லை. ஒரு தெருவுக்காகத் திறந்த கதவின் வழியே வேறு எவையெல்லாம் நுழையக்கூடும் என்பது ஆணையத்தில் அவள் ஒருத்திக்கே தெரியும். அதைச் சொன்னபோதெல்லாம், அரசாணையின் எண்ணைக் குறிப்பிட்டு விடை வந்தது.

ஐப்பசியில் ஒரு பிரதோஷ மாலை. நிறைமதி ஊருக்கு வந்திருந்தாள். பந்தல் அப்போது செங்கற்சுவர் பெற்றுச் சிறுகோயிலாகியிருந்தது. விளக்கேற்றி, தெரிந்த பாட்டைத் தெரிந்தவரையில் பாடி முடித்து, மாரிக்கண்ணு திருநீற்றுத் தட்டுடன் வாசலுக்கு வந்தாள். வேப்பமர நிழலில் ஒருவர், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டி நின்றார். சிங்காரவடிவேல்.

"வாங்கய்யா," என்றாள் மாரிக்கண்ணு.

"நான் வரல," என்றார் அவர்.

"என்னாங்கய்யா சொல்றீங்க?"

அவர் மடியிலிருந்து கைபேசியை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். மாரிக்கண்ணு மகளைப் பார்த்தாள். நிறைமதி வாங்கிப் படித்தாள்:

"மேலவீதிச் சிங்காரவடிவேல் காளவாய்த் தெருவில் இல்லை. தம் இல்லத்தில் உள்ளார். மெய்ப்பிக்கப்பட்டது."

மாரிக்கண்ணு சிறிதுநேரம் அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். நரைத்த மார்பும், சிவந்த கண்ணும், குவிந்த கையுமாக அது நின்றுகொண்டிருந்தது. ஆறு திங்களாகப் பீடத்தைக் கும்பிட்டுக் கும்பிட்டு ஓய்ந்த கைகள் அவை.

"சரிதான்," என்றாள். "யாருமில்லையே, நீறு சிந்திடாம கையைச் சேத்து நீட்டுங்க."

அவர் நீட்டினார். அவள் இட்டாள். அவர் நெற்றியில் பூசிக்கொண்டு, உள்ளே இருந்தவரைக் கண்குளிரப் பார்த்து நகர்ந்தார்.

அவருக்குப் பின்னால், கைபேசி வெளிச்சம் ஒவ்வொரு கையிலும் மினுங்க, மேலவீதியிலிருந்தும் வடக்கு வீதியிலிருந்தும் வராதவர்கள் வரிசையாக நின்றார்கள். வரிசை தெருமுனை கடந்து வளைந்திருந்தது. மாரிக்கண்ணு தட்டைப் பார்த்தாள், நீறு போதாது.

"மதி, உள்ள போயி இன்னொரு சம்புடம் எடுத்தா," என்றாள். "இன்னிக்கு ஒருத்தரும் வரல."